ஐந்தாம் தந்தியின் கரகரப்பு

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, சேந்தன்துறை ஊர் ஒரு கிட்டாரோடு சுருதி சேர்ந்தது. அந்த நேரத்தில் ஹில்லாரி ஐந்தாம் தந்தியின் முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டிருந்தான். அவன் மனைவி டெல்பின், ஈயம் பற்றவைக்கிற கோலின் நுனியை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தந்தி தனக்குரிய இடத்துக்கு ஏறி நின்றதும், கரையை நோக்கி வந்துகொண்டிருந்த வள்ளங்கள் எல்லாவற்றின் என்ஜின்களும் தங்கள் தங்கள் உறுமலை விட்டுவிட்டு அதே சுரத்துக்கு வந்து நின்றன. எத்தனை வள்ளங்கள் என்று சொல்வதற்கில்லை. சேந்தன்துறையில் வள்ளத்தை எண்ணுகிற வழக்கம் கிடையாது, எண்ணினால் கடலும் எண்ணும் என்பார்கள்.

"இஞ்ச பாருங்க, கடலு பாடுது" என்றாள் டெல்பின்.

"ஈயப் புகை தலைக்கு ஏறியிருக்கும். வெளிய போய் நில்லு" என்றான் ஹில்லாரி. முறுக்காணியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

அவன் முதல் தந்தியை ஏற்றியபோது அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அந்தச் சுரத்தில் மூன்று முறை கூவியது. மூன்றாம் தந்தி ஏறியபோது கோயிலில் யாரோ திருப்பலிக்கு ஒத்திகையாக அடித்த மணி அதில் போய் உட்கார்ந்தது. ஆறு தந்தியும் முடிந்தபோது ஊரில் ஆறு சுரங்களைத் தவிர வேறு சத்தம் இல்லை. சேவல், மிக்ஸி, தையல் மெஷின், பைக், ஆடு, அழுகிற பிள்ளை, எல்லாம் தங்களுக்கு அடுத்த தந்தி எதுவோ அதைப் பிடித்துக்கொண்டன. ஹில்லாரி கிட்டாரை மடியில் வைத்தபடி சற்றுநேரம் கேட்டான். பிறகு, "ரெண்டாவது தந்தி ஒரு மயிரிழை கூடுதல்" என்று சொல்லிக் குறைத்தான். ஊரும் ஒரு மயிரிழை குறைந்தது.

அந்தக் கிட்டாரை அவன் பதினோரு மாதம் செய்தான். சென்னையில் ஸ்டுடியோக்களில் வாசிக்கிற ரூபன் வேதமாணிக்கம் என்பவன் கேட்டது அது. மேடையில் மின்சாரத்தில் சேர்த்தாலும் மரத்தின் சத்தம் மரத்தின் சத்தமாகவே வர வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். வேறொன்றும் கேட்கவில்லை. ஹில்லாரி அதற்கு முன் இருபத்திரண்டு கிட்டார் செய்திருந்தான், அதற்கும் முன்னால் வள்ளம் கட்டுகிற ஓடாவியாக இருந்தான். மரம் எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளும் என்று தெரிந்தவனுக்கு எந்தப் பக்கம் சத்தத்தைத் தள்ளும் என்று தெரிந்துகொள்வது பெரிய காரியமில்லை என்று சொல்வான்.

டெல்பினுக்கு அவன் வேலை செய்வதைப் பார்ப்பது பிடிக்கும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதை அவனிடம் சொன்னதில்லை. மேற்பலகை ஸ்புரூஸ் என்கிற குளிர்நாட்டு மரம். ஒரே கட்டையிலிருந்து அறுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து நடுவில் ஒட்டினான். ஒட்டின கோடு எங்கே என்று அவள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அகப்படவில்லை. அந்தப் பலகையை அவன் இழைத்தான், காதருகே தூக்கிப் பிடித்துப் பெருவிரலால் தட்டினான், மறுபடி இழைத்தான், மறுபடி தட்டினான். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததும் இழைப்புளியை வைத்துவிட்டு வெறும் எஃகுத் தகட்டால் சுரண்டினான், சுருள் சுருளாக வந்த மரம் வாயால் ஊதினால் பறக்கிற அளவு மெலிந்திருந்தது. கடைசியில் தட்டியபோது பலகை மணி அடித்ததுபோல் நெடுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவன் மத்தியானச் சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

முதுகுக்கும் விலாவுக்கும் ஈட்டி மரம். பலகையை நனைத்து, உள்ளே கரி எரிகிற இரும்புக் குழாயின்மேல் அழுத்தி, அது உடன்படுகிற வரை காத்திருந்து வளைத்தான். அவசரப்பட்டால் ஈட்டி முறியும், தயங்கினால் கருகும். அவன் கை இரண்டும் செய்யவில்லை. கழுத்து மகாகனி. விரல்கள் ஓடுகிற பலகை கருங்காலி, அதில் பதித்த வெள்ளிநிறக் கம்பிகளின் ஓரங்களை, குழந்தை தடவினாலும் கீறக் கூடாது என்று ஒவ்வொன்றாக உருட்டினான். வாய்த் துளையைச் சுற்றி, கடற்கரையில் கிடைத்த சிப்பியை நகத்துணுக்கு அளவில் அறுத்து வட்டமாகப் பதித்தான், வெயில் பட்டால் அதில் ஒரு பச்சை ஓடி மறையும். மேற்பலகைக்கு அடியில் பெருக்கல் குறிபோல் இரண்டு சட்டங்கள், அவற்றுக்குத் துணையாகச் சின்னச் சின்னச் சட்டங்கள். அவற்றின் நுனிகளையும் மீன்முள்போல் சீவி மெருகிட்டதைப் பார்த்து டெல்பின் ஒரு நாள் கேட்டாள்:

"உள்ள ஆரு பாக்கப் போறா?"

"சத்தம் பாக்கும்லா" என்றான் அவன்.

மின்சாரப் பாதி அவளுடையது. அவள் வள்ளங்களின் வயர்லெஸ் செட்டுகளையும், கடலாழம் பார்க்கிற எக்கோ கருவிகளையும் பழுதுபார்க்கிறவள், ஐந்து கடற்கரைக்கு அவள் ஒருத்திதான். தந்திகள் ஏறி உட்காருகிற எலும்புத் துண்டைக் கிட்டார்க்காரர்கள் சேடில் என்பார்கள், அவள் வீட்டில் அதற்குக் குதிரை என்று பெயர். அந்தக் குதிரைக்கு அடியில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு வில்லை இருக்க வேண்டும். கடையில் கிடைக்கிற வில்லைகளை வைத்துக் கேட்டாள், தகரத்தில் மழை பெய்கிறதுபோல் இருந்தது. கழித்துப் போட்ட ஒரு எக்கோவைப் பிரித்து அதன் படிகத்தை அறுத்து வைத்தாள், மரம் பேசியது. எக்கோவின் படிகம் கடலுக்குள் சத்தம் போடவும் செய்யும், திரும்பி வருவதைக் கேட்கவும் செய்யும். அதற்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. அவள் பழக்க தோஷத்தில் வயர்களை வள்ளத்தில் கொடுப்பதுபோலவே கொடுத்துவிட்டாள். காரணம் என்று ஒன்று இருந்தால் அதுதான். ஊரில் அதைப் பற்றி யாரும் ஒரு நாளைக்கு மேல் பேசவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

பரிசுத்த வாரம் அப்படியொரு சுருதியில் சேந்தன்துறையில் நடந்ததில்லை. பாட்டுக்குழுவைப் பத்தொன்பது வருஷமாக நடத்துகிற தியோடர் வாத்தியார், பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் பாட்டில் நாற்பது தொண்டையும் ஒன்றாக நின்றதைக் கேட்டு, தாளம் போடுகிற கையை இறக்கிவிட்டு அழுதார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும், இனி யார் பாடினாலும் சரியாகத்தான் இருக்கும், எனக்கு இங்கே என்ன வேலை என்று பங்குச்சாமியாரிடம் போய் நின்றார். சாமியார், "இனிமேலாவது வார்த்தையைத் திருத்தும் வாத்தியாரே, 'இரக்கம்' எல்லாம் 'இறக்கம்' என்றுதான் வருது" என்று அனுப்பி வைத்தார்.

மீன் ஏலம் கூவுகிற கித்தேரியானின் பாடு வேறு. அவன் குரல் நான்காம் தந்தியில் போய் உட்கார்ந்து அத்தனை இனிமையாகிவிட்டது. வெளியூர் வியாபாரிகள் விலை கேட்க மறந்து நின்றார்கள். ஏலம் போகாத சாளை மீன் வெயிலில் கண் வெளுத்தது. அவன் தொண்டையைக் கெடுக்க நல்லமிளகும் புளியும் தின்று பார்த்தான், இனிமை கூடினதே தவிரக் குறையவில்லை. கடைசியில் கூவுவதை விட்டுவிட்டு ஒரு ஸ்லேட்டில் எழுதித் தூக்கிக் காட்டினான். குழாயடியில் இரண்டு நாத்தனார்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாபம் விட்டபோது ஒருத்தி மேலே போனாள், ஒருத்தி கீழே நின்றாள், குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் "கொள்ளாம், கொள்ளாம்" என்று தலையாட்டினார்கள், ஏசினவர்களுக்கே சிரிப்பு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் கல்யாணங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மாம்பழத்துக்காக உருண்டு சண்டை போட்ட பிள்ளைகளும் சுருதியோடுதான் அழுதார்கள்.

ஊர்க்கூட்டம் கூடி விஷயத்தை ஆராய்ந்தது, அதற்குள் என்னென்ன செய்து பார்க்க முடியுமோ அதையெல்லாம் ஹில்லாரி செய்து பார்த்திருந்தான். பேட்டரியைக் கழற்றினால் ஒன்றும் மாறவில்லை. கிட்டாருக்குப் பெட்டி அளவெடுக்க அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனபோதும் ஊர் அதை விடவில்லை, கடைக்காரர் தெரியாமல் ஒரு முறுக்காணியைத் திருகிய நேரத்தில் இங்கே சேவல்கள் அரைச்சுரம் ஏறின, டெல்பின் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டாள். தந்திகளைத் தளர்த்தினால் ஊரே தளர்ந்தது. மணி சோற்றுப்பானையில் அகப்பை விழுந்ததுபோல் அடித்தது, கைக்குழந்தைகளுக்கு வயிறு இளகியது. ஒரு முறை ஐந்தாம் தந்தியைக் கழற்றிப் புதுத் தந்தி மாட்ட எடுத்த பத்து நிமிஷத்தில் கடலில் ஓடின என்ஜின்கள் எல்லாம் ஓடிக்கொண்டே ஊமையாகிவிட்டன, உள்ளே இருந்த ஆண்கள் தங்களுக்குத்தான் காது போய்விட்டது என்று நெஞ்சில் சிலுவை போட்டார்கள். அதனால், கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், கோயில் மைக்கில் அறிவித்த பிறகு தந்தியைத் தொடலாம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள். பெர்க்மான்ஸ் என்பவனின் மனைவி எவுப்ராசி. சாளை அறுத்த கையோடு வந்திருந்தாள்.

"எனக்க ஆளுக்க வள்ளம் இருமிட்டு வரும்" என்றாள். "ரெண்டு இருமல், பொறவு ஒரு இழுப்பு. அந்தச் சத்தம் முனை தாண்டும்போ நான் அடுப்புல தண்ணி வைப்பேன். இப்பம் எல்லா வள்ளமும் மாதா பாட்டு மாதிரி வருது. நான் எதைக் கேட்டுத் தண்ணி வைக்க?"

"பாட்டு வேண்டாம், இருமல்தான் வேணுமோ ஒனக்கு?" என்றான் கித்தேரியான், அழகான நான்காம் தந்தியில்.

"ஆமா, இருமல்தான் வேணும்."

எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பும் சுருதியில் இருந்தது. டெல்பினும் சிரித்தாள். ஆனால் எவுப்ராசி சொன்னதில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு முள் உண்டு. சேந்தன்துறையில் வந்த வள்ளத்தை எண்ணுவதில்லை, காதால்தான் அறிவார்கள். அவரவர் ஆளின் என்ஜினை அவரவர் பெண்டாட்டி, உலை கொதிக்கும்போதும் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், தனியாகப் பிரித்து எடுத்துவிடுவாள். எந்தச் சத்தம் வரவில்லையோ அந்த வீட்டில் இருந்து முதலில் ஓர் ஆள் கரைக்கு ஓடும். இப்போது யாருக்கும் யாரையும் பிரிக்கத் தெரியவில்லை. ஆனாலும் சத்தம் அத்தனை நன்றாக இருந்ததால், எல்லாரும் வந்துவிட்டதாகவே தோன்றியது.

வைகாசி கடைசியில் முதல் மழை இறங்கியது. ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. அரை மணி நேரத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாகிவிட்டன. வள்ளங்கள் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்தன, நீரோட்டம் இழுத்ததால் சில வடக்கே ஏறின, சில தெற்கே ஏறின, சில அலை தணியட்டும் என்று வெளியே வட்டமிட்டன. மழைக்குள் அந்த ஒற்றைச் சுரம், கோயிலில் ஆர்மோனியத்தை யாரோ அழுத்திப் பிடித்ததுபோல், இடைவெளி இல்லாமல் நின்றது. எவுப்ராசி வடகரைக்குப் போனாள், அங்கே பெர்க்மான்ஸ் தெற்கே ஏறியிருப்பான் என்றார்கள். தென்கரைக்குப் போனாள், வடக்கே பார்த்தாயா என்றார்கள். மூன்றரை மணிக்குத்தான், அவன் எந்தக் கரையிலும் இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது.

நாலைந்து வள்ளங்கள் திரும்பக் கடலில் இறங்கின. என்ஜின் விசிறியில் வலை சுற்றி வள்ளம் சிக்கினால் என்ஜினை நிறுத்தாமல் வெறுமனே ஓடவிடுவது அந்தக் கடற்கரையின் வழக்கம், தேடி வருகிறவர்கள் தங்கள் என்ஜினை நிறுத்திக் காதுகொடுத்தால் அந்தச் சத்தம் வழி காட்டும். அந்த அலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிறுத்த வழியில்லை, ஆளுக்கொரு தடவையாக நிறுத்திக் காதுகொடுத்தார்கள். டெல்பின் வீட்டு வயர்லெஸ் செட்டில், தேடப் போன அந்தோணியடிமையின் குரல் மழையோடு மழையாக வந்தது.

"டெல்பினே, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சத்தம். அவனுக்க சத்தம்னு வெரட்டிப் போனா அங்க சில்வெஸ்டர் நிக்கான். சில்வெஸ்டர் என்னை வெரட்டிட்டு வந்திருக்கான். நாங்க எங்களையே சுத்திட்டு கெடக்கோம்."

எவுப்ராசி நனைந்த தலையோடு வாசலில் நின்றாள். ஏசவில்லை, அழவில்லை.

"தெக்கே பாறை இருக்கு. அலை அங்கதான் தள்ளும்" என்றாள். "அந்தக் கிட்டாரை உடைங்க அண்ணே."

"உடைக்கக் கூடாது எவுப்ராசி" என்றாள் டெல்பின். தன் குரல் எத்தனை இனிமையாக வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "தந்தி இல்லாத நேரம் என்ஜின் ஊமையானது நினைவிருக்கா? உடைச்சா பெர்க்மான்சுக்க சத்தமும் போயிரும். பொறவு எதைக் கேட்டுத் தேட?"

ஹில்லாரி கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கிடத்தினான். ஐந்தாம் தந்தியை ஒரு முறை மீட்டினான், அது தூய்மையாக, ஓரம் பிசிறாமல், ஒரே கோடாகக் கேட்டது. அந்தத் தூய்மைக்காகத்தான் அவன் எருமை எலும்பை ஒரு வாரம் ராவினான். தந்தி குதிரையைத் தொடுகிற இடம் கத்திமுனைபோல் ஒரே கோடாக இருக்க வேண்டும், தொட்டதும் விட்டுவிட வேண்டும், கொஞ்சம் பரந்தாலும் தந்தி எலும்பில் உரசிக் கரகரக்கும். கரகரக்கிற கிட்டாரைச் செய்தவன் அதைக் கடலில் போட வேண்டும் என்று அவன் சொல்லி டெல்பின் கேட்டிருக்கிறாள்.

அவன் தந்தியைக் கழற்றாமல், மெதுவாக ஓரமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டு, மிகச் சிறிய அரத்தை எடுத்தான்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் டெல்பின்.

"பரத்தப் போறேன்" என்றான். "தம்புராவுக்குக் குதிரைல நூலு வைப்பாங்கள்லா. தந்தி உரசும். ஒரு சத்தம் நூறு சத்தமா பிரியும். பிரிஞ்சா அவனவன் அவனவனுக்குள்ளதை எடுத்துக்கிடுவான். நீ கதவைத் திறந்து கேளு."

டெல்பின் கடலைப் பார்த்த பின்கதவைத் திறந்தாள். மழை அறைக்குள் வந்தது. ஒரு கையில் வயர்லெஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, அவன் அவசரப்படாமல் ராவிக்கொண்டிருந்தான். பதினோரு மாதம் எந்த மாதிரி வேலை செய்தானோ அதே மாதிரி, அரத்தைத் தள்ளும்போது மூச்சை அடக்கி, இழுக்கும்போது விட்டு, ஐந்து இழுப்புக்கு ஒரு முறை எலும்புத்தூளை ஊதி, பெருவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவினான். தான் செய்ததில் ஆகச் சிறந்ததைக் கெடுக்கிற வேலையையும் அவன் கோணல் இல்லாமல் செய்தான். கைக்கு வேறு விதமாகச் செய்யத் தெரியாது. அவள் கண் அந்தக் கையை விட்டு வர மறுத்தது. எவுப்ராசியின் மூச்சுச் சத்தம் கேட்டுத்தான் கடலுக்குத் திரும்பினாள்.

அவன் தந்தியை இடத்தில் விட்டு மீட்டினான். கோட்டின் ஓரம் லேசாகப் பிசிறியது. மழைக்கு அப்பால் ஆர்மோனியச் சத்தம் நடுங்கியது.

"இன்னும்" என்றாள் டெல்பின்.

மறுபடி பத்து இழுப்பு. மீட்டினான். தந்தி இப்போது சிணுங்கியது. கடலில் நின்ற அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து ஓர் இழை, பாயிலிருந்து கோரை பிரிவதுபோல், பிரிந்து வந்தது.

"அது அந்தோணியடிமை. பெல்ட்டு அடிக்கிற சத்தம். அது அவர்தான்."

மறுபடி ராவினான்.

"அது சில்வெஸ்டர். சைலன்சர் ஓட்டை. அது... அது மிக்கேலு, விசில் மாதிரி இழுக்கான் பாரு. அது லெரின்ஸ். லெரின்ஸ் எப்பம் போனான்?"

ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் முரட்டுத் தொண்டையோடு திரும்ப வந்தது. கரையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு பேரைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்கள், "எனக்க அண்ணன்", "எனக்க மருமகன்", தெரிந்த சத்தத்தை எல்லாம் பேர் சொல்லி ஒதுக்கினார்கள். ஒதுக்க ஒதுக்க, மிச்சம் இருப்பது குறைந்தது. ஹில்லாரி கடைசியாக ஒரு முறை எலும்பை ஊதினான், தந்தியை விட்டான், மீட்டினான். கிட்டார் காறிக் கரகரத்தது.

எவுப்ராசி டெல்பினின் தோளைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் நகம் பதிந்தது.

"இருமுது" என்றாள். "தெக்கே. தெக்குமேக்கே. ரெண்டு இருமல், ஒரு இழுப்பு. ஏசுவே, இருமுது."

டெல்பின் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

பாறைக்கு ஒரு கயிற்றுத் தூரத்தில் பெர்க்மான்ஸை எடுத்தார்கள். விசிறியில் வலை சுற்றியிருந்தது, உள்ளங்கையில் தோல் இல்லை, மற்றபடி ஒன்றுமில்லை. கரையேறினவன் தன்னைச் சுற்றி ஊரே நிற்பதைப் பார்த்து, "ஆரு செத்தா?" என்று கேட்டான்.

ஆனி பிறந்து பத்தாம் நாள் ரூபன் வேதமாணிக்கம் வந்தான். ஒல்லியான, கூச்சமுள்ள ஆள், வலதுகை நகங்களை நீளமாக வளர்த்திருந்தான். டெல்பின் தேத்தண்ணி கொடுத்தாள், அதைக் குடிக்காமல் பெட்டியைத் திறந்தான். சிப்பி வட்டத்தை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தான். கழுத்தில் கையை ஓடவிட்டான். கண்ணாடித் துண்டு ஒன்றை வாய்த் துளைக்குள் விட்டு உள்ளே இருந்த சட்டங்களைப் பார்த்தான், பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தான். பிறகு மேல் தந்திகளில் மட்டும் கொஞ்ச நேரம் வாசித்தான், வயரைச் செருகி ஒலிபெருக்கியில் சேர்த்து வாசித்தான். மரம் மரமாகவே வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"அண்ணே, இதைப்போல ஒண்ணு நான் தொட்டதில்லை" என்றான்.

பிறகு ஐந்தாம் தந்திக்கு வந்தான். அது காறியது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் கீழே விழுந்தது.

ஹில்லாரி எல்லாவற்றையும் சொன்னான். எக்கோவின் படிகம், ஊர், மழை, அரம், ஒன்றையும் மறைக்கவில்லை. ரூபன் நம்பாமல் இல்லை, தேத்தண்ணி கொதித்தபோது அடுப்பில் வந்த சத்தமே மூன்றாம் தந்தியில் இருந்ததை அவன் கவனித்திருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"புதுக் குதிரை போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கடையில கெடைக்கிற குதிரைன்னா கால்மணி நேரம்."

"போட்டா?"

"சுத்தமாயிரும்" என்றான் ஹில்லாரி. "நான் போட மாட்டேன் தம்பி. சென்னைல யாரு வேணும்னாலும் போடலாம், அதான் விஷயம். உங்களுக்கு வேற ஒண்ணு செஞ்சு தாறேன். பதினோரு மாசம் தாங்க."

இதற்குள் வாசலில் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. எவுப்ராசி முன்னால் நின்றாள், இடுப்பில் மீன்கூடை, கண் ரூபனின் கையில். வள்ளங்கள் கடலில் இருந்தன. முனைக்கு அப்பால், வெயிலில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உறுமிக்கொண்டு, பலசரக்குக் கடைச் சந்தடிபோல் கேட்டன. டெல்பின் வந்திருந்தவனின் முகத்தைப் பார்த்தாள். வேறு ஒன்று போதும் என்கிற முகமாக அது இல்லை. கிட்டாரை அவன் இன்னும் மடியை விட்டு இறக்கவில்லை.

அவன் ஒரு மெதுவான பாட்டை எடுத்தான். ஐந்தாம் தந்தி காற, முகம் சுளித்து, தேர்ந்த வாசிப்புக்காரர்கள் செய்வதுபோல் உள்ளங்கையின் ஓரத்தை எலும்பின்மேல் லேசாகச் சாய்த்தான். கரகரப்பு அடங்கியது. தந்தி தூய்மையாக, ஒரே கோடாக, முதல் நாள் இருந்தது போலவே பாடியது. டெல்பினின் உடம்பு சிலிர்த்தது, அது அத்தனை அழகாக இருந்தது.

கடல் ஒரே சத்தமாகிவிட்டது.

வாசலில் யாரும் அசையவில்லை. எவுப்ராசியின் முகம் மட்டும், ஒரு விளக்கை ஊதி அணைத்ததுபோல், வெறுமையாகிவிட்டது. ரூபன் பாட்டின் நடுவில் தலை நிமிர்ந்தான். தன்னைப் பார்த்து நிற்கிற முகங்களைப் பார்த்தான், ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான், மறுபடி அந்த ஒரு முகத்தைப் பார்த்தான். அவன் விரல்கள் நிற்கவில்லை. பாட்டில் நான்கு அடி, ஐந்து அடி, அந்தத் தூய்மையிலேயே போனான், அதைக் கடைசியாக ஒரு தரம் கேட்டுக்கொள்கிறவன் போல.

பிறகு உள்ளங்கையைத் தூக்கினான்.

தந்தி காறியது. அவன் நிறுத்தாமல், கரகரப்போடேயே, அதை ஒதுக்காமல் பாட்டுக்குள் இழுத்து, இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசித்தான். முனைக்கு அப்பால் வள்ளங்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகின.

எவுப்ராசி கூடையை இடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"இப்பம் வாசி மக்களே" என்றாள் ரூபனிடம். "இப்பம் கேக்கலாம்."